நூற்றுக்கு நூறு முளைத்த மொச்சை

மொச்சை விதைக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. கணக்கில் தொண்ணூற்று நான்கு வாங்கி வந்தால் "மீதி ஆறு எங்க?" என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். ஏரியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த சித்தி, கையோடு ஒரு படி மொச்சை கொண்டுவந்திருந்தாள். மழை ஏமாற்றினாலும் அந்த மொச்சை ஏமாற்றாது. ஐந்தாறு வருடத்தில் ஊரில் பாதிக் காடு அதுதான். ஆடி மாதத்தில் விதை கேட்டு வருகிறவர்கள் சித்தி கையால்தான் வாங்கிப் போவார்கள். அம்மா கொடுத்தால்கூட, "சின்னவங்க இல்லீங்களா?" என்பார்கள். அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் புகைச்சல்.

ஒருநாள் வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து காட்டைச் சுற்றிப் பார்த்தார். "இதை ரகமாப் பதிவு பண்ணலாங்க. வெதைய வெச்சுக் காப்பாத்துனவங்க பேர்லயே சர்டிபிகேட் வரும்" என்றார். விண்ணப்பத்தில் சித்தியின் பெயர் ஏறியது. "இனிஷியல் எங்கப்பாவோடதா, இவரோடதாங்க?" என்று அவள் கேட்டாள். அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. இரண்டு முறை தோசை தீய்ந்தது.

பதிவு செய்வதற்கு முதலில் விதை மாதிரி அனுப்ப வேண்டும். அதை ஆராய்ச்சிப் பண்ணையில் முளைக்கவைத்து, விதைத்துப் பார்ப்பார்களாம். அதற்கு முன் நாங்களே நூறு விதையை ஈரச் சாக்கில் பரப்பி, எட்டாம் நாள் எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். "கொறச்சலா இருந்தா பரவால்லீங்க. தை அறுப்பு முடிஞ்சு புது வெதையா அனுப்பிக்கலாம்" என்று அவர் சொல்லிவிட்டுத்தான் போனார். போன வருடம் விதைக்கக்கூட மழை இல்லாததால் பானையில் இருந்தது அதற்கும் முந்தைய வருடத்து விதை. எண்ணுகிற வேலை எனக்கு வந்தது. வீட்டில் கணக்குப் புலி நான்தானே.

எட்டாம் நாள் சாக்கை விரித்தேன். எழுபத்தொன்று. மூன்று முறை எண்ணினேன், கூடவில்லை. எழுபத்தொன்றை வாங்கிக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சித்தியின் மொச்சைக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று தோன்றியது. அடுப்படியில் அம்மா குழம்புக்காகச் சந்தை மொச்சையை முளைகட்டி வைத்திருந்தாள். அதிலிருந்து இருபத்தொன்பது எடுத்துவந்து, முளைக்காதவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, அந்த இடங்களில் வைத்தேன். நனைந்த பிறகு எல்லா மொச்சையும் ஒரே நிறம்தான். அப்பா வந்து பார்த்து, "நூத்துக்கு நூறு!" என்று என் முதுகில் தட்டினார். எனக்கே நூறு கிடைத்த மாதிரி இருந்தது.

சித்தி தலைக்குக் குளித்துவிட்டு வந்து, பானை விதையைப் புடைத்துத் துணிப்பைகளில் போட்டுக் கட்டினாள். மாதிரி போய்ச் சேர்ந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முளைப்பு போதவில்லை, புது விதை அனுப்பவும் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அடுத்த தெருவிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். அவள் பேச ஆரம்பித்தால் அப்பாவே பேசமாட்டார்.

"வூட்ல நூத்துக்கு நூறு மொளைச்ச வெதை அங்க போய் ஏன் மொளைக்கல? நடுவுல தொட்டது யாரு?"

அத்தை முற்றத்துப் பக்கம் திரும்பினாள்.

"புள்ள இல்லாத கையில வெதையக் கட்டச் சொன்னா இப்படித்தான் ஆவும்."

சித்தி முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள். சித்திக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும். அது எனக்கு லாபமான விஷயம். அவள் மடியில் எனக்குப் போட்டியே இல்லை. அதற்கும் மொச்சைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் விளங்கவில்லை. ஆனால் கெடுத்தது நான் என்று மட்டும் விளங்கியது. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு காலையில் சித்தி தலை பின்னிவிடும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுபத்தொன்று, சந்தை மொச்சை, இருபத்தொன்பது, எல்லாம். சீப்பு பாதியில் நின்றது.

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல சித்தி."

சீப்பு இன்னும் நகரவில்லை. நான் திரும்பிப் பார்க்கப் போனேன். தலையைப் பிடித்து நேராக வைத்தாள்.

"சொல்லாத கண்ணு. உங்கப்பா தோல உரிச்சிருவாரு."

பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டாள். நான் துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மதியம் சத்துணவில் இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

தை அறுப்பு முடிந்து புது விதை வந்தது. இந்த முறை அம்மா கட்டினாள். விண்ணப்பமும் புதிதாக எழுதினார்கள். அத்தை சொன்னபடி சித்தப்பா பெயரில். அடுத்த ஆடியில் விதை கேட்டு வந்தவர்கள் அம்மாவைக் கூப்பிட்டார்கள். சித்தி அடுப்படியிலேயே இருந்தாள். சில வருடங்கள் கழித்து வந்த சான்றிதழைச் சித்தப்பா லேமினேட் செய்து கூடத்தில் மாட்டினார்.

நான் சொன்னதைச் சித்தி அன்றைக்கே அத்தையிடம் போய்ச் சொல்லியிருந்தால் அவள் மேல் விழுந்த பழி போயிருக்கும், விதை கொடுக்கிற கை திரும்பக் கிடைத்திருக்கும், பேரும் கிடைத்திருக்கும். எனக்கு நாலு அடி விழுந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். சீப்பு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் எதை எடைபோட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. பின்னல் கோணலாகிவிடுமோ என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.