சைவக்காரர்களுக்குத் தனி அறை

இன்று மத்தியானம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு மிலிட்டரி ஹோட்டலில், அதாவது கறிமீன் கடையில், சாப்பிட்டேன். பதறாதீர்கள், சாம்பார்தான். சந்தைக்குப் போய் வருகிறவர்கள் அந்தக் கடை முருங்கைக்காய் சாம்பாரைப் புகழ்ந்து புகழ்ந்து என்னைக் கெடுத்துவிட்டார்கள்.

சைவக்காரர்களுக்குப் பின்னால் திரை போட்ட அறை உண்டு என்ற தைரியத்தில் நுழைந்தேன்.

"ஏனுங்க, அந்த ரூமு நெறஞ்சு போச்சுங்க. இப்படி முன்னால உக்காருங்க" என்றார் முதலாளி.

டிரான்சிஸ்டர் பாடியது. இருபுறமும் மீன் முள், நடுவில் என் இலை. சாம்பார் அமிர்தம். மறுசோறும் வாங்கினேன்.

கை கழுவப் போனபோது காற்றில் திரை விலகியது. உள்ளே நாலு பேர், நாலு இலையிலும் ஆட்டுக்கறி. அதில் ஒருவர் கல்பாத்தி அக்ரஹாரத்தில் எங்கள் எதிர்வீட்டு மாமா.

முதலாளியிடம் மெதுவாகக் கேட்டேன், "சைவக்காரா ரூம்னு சொன்னாளே?"

"ஆமாங்க. அவங்க கறி சாப்பிடறத யாரும் பாக்கக் கூடாதில்லீங்க? சாம்பாருக்கு எதுக்குங்க திரை?"

மாமா எனக்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

நான் வந்தபோது அம்மா வாசலை மறித்து நின்றாள். "மாமா பாவம், சைவ ரூம்ல ஒதுங்கி உக்காந்து சாப்டாராம். நீ மீன் எலைக்கு நடுவுல உக்காந்திருந்தயாமே! கெணத்தடில குளிச்சுட்டு உள்ள வா."

குளித்துவிட்டேன்.

நாளைக்கு எங்கள் தெருவில் ஒரு கல்யாணம்; பந்தியில் மாமாவுக்குப் பக்கத்து இலையில் உட்காருவதாக இருக்கிறேன். அந்தக் கடை சாம்பார் எப்படி என்று அவரைக் கேட்கலாமா, சொல்லுங்கள்.