முடியாதம்மாவும் பழைய கண்ட்ரோலரும்

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அவளுக்கு 'முடியாதம்மா' என்று பெயர். வைத்தவர்கள் என்னவோ கேலியாகத்தான் வைத்தார்கள். அவளோ அதை அட்டையில் எழுதித் தன் மேசை மேலேயே ஒட்டிவிட்டாள். இப்படிப்பட்டவளிடம் யார் என்ன பேச முடியும்!

பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போயின. குழந்தை அழுகிறதா என்பதைக்கூட அதன் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். "பாவம், இவளை இனிமே வீட்டோட வச்சுக்கோ" என்று மாமியார் மகனிடம் சொன்னதையும் உதட்டைப் பார்த்தே படித்துவிட்டாள். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். சில வருஷம் கழித்து இதே ஆஸ்பத்திரியில் மண்டைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள இன்னொன்று கொடுத்தார்கள். அதற்கு அவள் வைத்த பெயர் கம்மல். முதல் நாள் மகள், "அம்மா, பசிக்குது" என்றாள். அதைக் கேட்டு இவள் அழுத அழுகையில், அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு கிடைக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

கருவி செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கம்மலைச் சரிபண்ணும் புரோகிராம் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில்தான் ஓடும். அதுவும் செத்துப்போகிற சமயத்தில், அவள்தான் அதை அப்படியே அள்ளிப் பெரிய சர்வருக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினாகக் குடிவைத்தாள். அதாவது உடம்பில்லாத கம்ப்யூட்டர். டிஸ்க்கைப் படிக்க அதற்கு ஒரு கண்ட்ரோலர் வேண்டும். நிஜத்தில் ஒன்றும் கிடையாது, இருப்பதுபோலச் சர்வர் நடிக்கும். பழைய கண்ட்ரோலராகவும் நடிக்கும், புதியதாகவும் நடிக்கும். புதியது வேகம்தான். ஆனால் உள்ளே இருக்கும் சிஸ்டத்துக்கு அதோடு பேசத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் டிஸ்க்கே இல்லை என்று கையை விரித்துவிடும்.

புதிதாக வந்த மேனேஜருக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எல்லா மெஷினுக்கும் புதிய கண்ட்ரோலர் என்று உத்தரவு போட்டார். அவள் என்ன வேலைக்குப் பயந்தவளா? ஒவ்வொரு மெஷினிலும் முதலில் ஒரு குட்டி டிஸ்க்கைப் புதிய கண்ட்ரோலரில் மாட்டினாள். கண்ட்ரோலரோடு பேசத் தெரிந்த டிரைவர் புரோகிராம் அதோடு பழகியபின்தான் பெரிய டிஸ்க்கை மாற்றினாள். ஒன்றுகூடப் படுக்கவில்லை. இந்தக் கிழத்துக்கு மட்டும் புதிய கண்ட்ரோலருக்கான டிரைவரை உலகத்தில் யாருமே எழுதவில்லை.

"இது முடியாது சார். இதுக்குப் பழைய ஐ.டி.இ. கண்ட்ரோலர்தான்."

"ரிப்போர்ட்ல இது ஒண்ணு மட்டும் சிவப்பா நிக்குதும்மா. மாத்துங்க, இல்லன்னா அணைச்சுடுங்க."

"சிவப்பாவே நிக்கட்டும்."

"உங்க காதுக்காகத்தானே இந்தப் பிடிவாதம்?"

"ஆமா சார், என் காதுக்காகத்தான். அதுல என்ன தப்பு? இதே கருவியை மாட்டிக்கிட்டு இன்னும் எத்தனையோ பேர் வர்றாங்க. அவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், முடியாது."

அவர் குரலை உயர்த்தினார். இவள் கம்மலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இப்பக் கத்துங்க சார்" என்றாள். அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வாய்தான் அப்படி. உள்ளுக்குள் அவளுக்குக் கிலிதான். சில வாரங்களாகவே கம்மலில் சத்தம் மங்கிக்கொண்டு வந்தது. வெளியூரில் படிக்கும் மகள் போனில் பேசினால் பாதி வார்த்தை காதுக்கு வந்து சேரவில்லை. இந்தப் பாழாய்ப்போன மெஷின் நின்றுவிட்டால் மீதிப் பாதியும் போய்விடும். சரிபண்ணிக்கொள்ள வியாழக்கிழமை நேரம் வாங்கியிருந்தாள். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கணவர் வேறு, "வேலை போயிடும்டி, கொஞ்சம் வளைஞ்சு குடேன்" என்று கெஞ்சினார்.

"வளைக்கிறதெல்லாம் உங்க பட்டறையோட வச்சுக்கோங்க" என்றாள்.

வியாழக்கிழமை காது பரிசோதிக்கும் அறைக்குப் போனால், டெக்னீஷியன் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கிழத்தைக் காட்டும் திரை முழுக்கக் கறுப்பு. டிஸ்க் இல்லை என்று ஒரே ஒரு வரி. காலையில் மேனேஜரே உட்கார்ந்து கண்ட்ரோலரை மாற்றிவிட்டாராம்.

அவள் யாரிடமும் போய் நிற்கவில்லை. நேரே கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். மெஷினை அணைத்தாள், பழைய கண்ட்ரோலரைத் திரும்ப வைத்தாள், பதிவில் மாற்றியவர் யார் என்ற இடத்தில் ஒளிக்காமல் தன் பெயரையே போட்டாள். திரும்பி வந்து, கதவுக்கு முதுகைக் காட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். கிழம் முக்கி முனகி எழுந்தது.

டெக்னீஷியன் பெண் வயரைக் கம்மலில் செருகி, ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். முதலில் மின்விசிறி கேட்டது. பிறகு அந்தப் பெண் விசையைத் தட்டுவது கேட்டது. பிறகு வெளியே யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருவது. அந்தச் செருப்புச் சத்தம் அறை வாசலில் வந்து நின்றது.

"அந்தம்மா கிளம்பினதும் சொல்லுங்க" என்று மேனேஜர் டெக்னீஷியனிடம் கிசுகிசுத்தார். "நானே வந்து அணைச்சுடறேன்."

முடியாதம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப நல்லாக் கேக்குது சார்" என்றாள். "முடியாது."