ரெஜினா சொன்ன "வேண்டாம்"

வியாழக்கிழமை காலை, ஒரு பள்ளி முற்றத்தின் தாரைப் பெயர்த்து மரம் வைப்பதற்கான வரைபடத்தோடு அலுவலகத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. புரோசார்ட் புறநகரில் இருக்கும் ரெஜினாவின் தங்கை மேரி. "அண்ணை, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றாள்.

கடைசி மூன்று வாரங்களும் நான் ரெஜினாவைப் போய்ப் பார்க்கவில்லை. வர வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைக் கேட்டு நடந்தது சரியா, பிழையா என்ற கேள்வி அன்று முதல் என்னைப் பிடுங்கித் தின்கிறது. அவரை அறிந்த உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்த புதிதில், பல்கலைக்கழகத்தில், தோட்டமும் முற்றமும் திட்டமிடும் நிலத்தோற்ற வடிவமைப்பு வகுப்பில் நாங்கள் இருவர்தான் தமிழர். முப்பதைத் தாண்டியவர்களும் நாங்கள் இருவர்தான். அவர் மன்னார். ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை பார்த்தபடி படித்தார். நான் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிவிட்டு வருவேன். எங்கள் ஆட்களுக்கு இந்தப் படிப்பு பெரும் பகிடி. என் தங்கையின் கல்யாணத்தில் சித்தப்பா, "புல்லு வெட்டவும் யூனிவர்சிட்டியோ?" என்று சபைக்கே கேட்கும்படி கேட்டார். எனக்கு முகம் கறுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த ரெஜினா, "ஓம் ஐயா, புல்லுத்தான். ஆனால் நாங்கள் கூரைக்கு மேலை வளக்கப் போறம். வெட்டுறதுக்கு ஏணி தருவியளோ?" என்றார். சித்தப்பாவே சிரித்துவிட்டார்.

படிப்பு முடிந்த வருடம் நடந்தது ஒழுங்கைக் கதை. அஹுன்ட்சிக் பகுதியில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தார் ஒழுங்கை, வீடுகளின் முதுகோடு ஓடும் சந்து, கோடையில் அடுப்பாகக் கொதிக்கும். அதைப் பசுமையாக்க நானும் அவரும் முனைந்தோம். அயலவர்கள் சம்மதித்தால் நகரசபை தாரை வெட்டித் தரும். வரைபடத்தை நான் கீறினேன். வீடு வீடாகவும் நானே போனேன். பாதி வீடுகள் எங்கள் ஆட்கள். போன இடமெல்லாம் தேத்தண்ணி, போன இடமெல்லாம் "ஓம் தம்பி, நல்ல விசயம்." முழுச் சம்மதமும் கையில் என்று ரெஜினாவிடம் மார்தட்டினேன்.

"ஒருத்தரும் வேண்டாம் எண்டு சொல்லேல்லையோ?" என்று கேட்டார். "அப்ப ஒருத்தரும் உம்மடை படத்தைப் பாக்கேல்லை."

தார் வெட்டும் இயந்திரம் வந்த காலை, ஒழுங்கை நிறையக் கார்கள். ஒருவரும் எடுக்கவில்லை. கதவுகளைத் தட்டினேன், திரைச்சீலை அசைந்தது, கதவு திறக்கவில்லை. வீடு தேடி வந்து தேத்தண்ணி குடித்தவனின் முகத்துக்கு நேரே எங்கள் ஆட்கள் மறுத்துச் சொல்லமாட்டார்கள் என்பது யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்குத் தெரியாததா? தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பனிக்கு முன் இன்னும் ஒரு தடவைதான் வர முடியும் என்று சொல்லிவிட்டு இயந்திரக்காரர்கள் திரும்பிப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு ரெஜினா ஒரு பெட்டி சோக்குக் கட்டியோடு வந்தார். என் வரைபடத்தை ஒழுங்கையின் தாரிலேயே, உண்மையான அளவில் கீறத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் சனம் இறங்கி வந்துவிட்டது. "இதிலை மரம் வந்தால் என்ரை வான் எப்பிடித் திரும்பிறது?" என்று தன் வண்டியைக் காட்டிக் கத்தினார், முன்பு வடையும் வைத்து உபசரித்த அதே அண்ணை. பிரெஞ்சுக்காரக் கிழவி ஒருத்தி வீட்டுச் செருப்போடு வந்து, என் பூப்பாத்தியின் நட்டநடுவில் நின்றுகொண்டு, குளிர்காலத்தில் பனியை எங்கே தள்ளுவதாக யோசனை என்று கேட்டாள். ரெஜினா ஒவ்வொரு மறுப்பையும் கேட்டு, ஈரத்துணியால் அழித்து அழித்துக் கீறினார். பின்னேரம் ஆனபோது என் வரைபடத்தில் மிஞ்சியது ஒரு மூலை.

"எல்லாருக்கும் முன்னாலை என்ரை மானத்தை வாங்கிப்போட்டீர்," என்றேன்.

"மானத்தை இல்லை, கீறலைத்தான் அழிச்சனான். தாளிலை எல்லாரும் நல்ல பிள்ளையள். நிலத்திலை கீறினால்தான் சண்டை வரும். சண்டை வந்தால்தான் தோட்டம் வரும்."

இயந்திரம் இரண்டாம் தடவை வந்தபோது ஒழுங்கையில் ஒரு காரும் இல்லை. அடுத்த கோடையில் வான்காரரின் வேலியிலேயே பாகல் கொடி ஏறியது. ஆனால் நானோ வீம்புக்கு ஒரு மாதம் ரெஜினாவோடு கதைக்காமல் இருந்தேன்.

பிறகு அவர் அதே பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப் போனார். மாணவர்களின் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்ல என்னையும் கூப்பிடுவார். இடத்தில் வாழும் மூன்று பேரிடமாவது மறுப்பு வாங்கி வராதவர்கள் அவரது வகுப்பில் பென்சிலைத் தொட முடியாது. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். ஒருநாள் அவர்களுக்காக நான் பரிந்து பேசியபோது தமிழில் சொன்னார்: "ஒராள் உம்மட்டை வேண்டாம் எண்டு நேரை சொன்னால், அதைக் கும்பிட்டு வாங்கோணும். அது அவர் உமக்குத் தாற மரியாதை." நான் அதைப் பிடித்துக்கொண்டேன். இன்று என் வேலை நடப்பதே அந்தச் சொல்லில்தான்.

பிறகு அவர் நோயில் விழுந்தார். அது முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் தொலைபேசியில், "நாளைக்கு வாறன்," என்றேன்.

"வேண்டாம். இந்தக் கோலத்திலை என்னை நீர் பாக்க வேண்டாம்."

கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு மேரியிடம் மட்டும் சுகம் விசாரித்தேன். இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல்வரை போய், மெட்ரோவுக்குத் திரும்பி நடந்தேன்.

அடக்கப் பூசை முடிந்து தேவாலயப் படியில் நின்றபோது மேரி வந்தாள். "அண்ணை, அக்கா எல்லாரையும்தான் வர வேண்டாம் எண்டவ. எல்லாரும் வந்தவை. நீங்கள் ஒராள்தான் வரேல்லை."

அவள் என் கையைப் பிடித்தாள். "குறையாச் சொல்லேல்லை அண்ணை. 'அவராவது சொல்வழி கேட்டார்' எண்டு சிரிச்சவ." கையை விடாமலே சொன்னாள்: "ஆனால் பேந்து பின்னேரங்களிலை வாசலையே பாத்துக்கொண்டு கிடப்பா. ஆரைப் பாக்கிறா எண்டு நான் கேக்கேல்லை."

ரெஜினா, உமது சிரிப்பை வைத்திருக்கிறேன். வாசலைப் பார்த்துக் கிடந்த அந்தப் பின்னேரங்களையும் நான்தான் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு நாளாவது நான் உமது சொல்லை மீறி வந்திருக்கலாம்.