காற்றோடி கரை கண்ட கதை

அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்ட எல்லோருக்கும் அவள் குரல் தெரியும். முகம் தெரிந்தவர்கள் குறைவு. ஆக்சிஜன் சிலிண்டர்கள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில், ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்க முடியாத சின்ன அறை. அங்கே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "லைன்ல இருங்க, குடுக்கறேன்" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் உத்தியோகம். நர்சுகள் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்சேஞ்ச் அக்கா. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருக்கிற மனிதர். ஒரே மகன். அவனுக்குக் கல்யாணமாகி மருமகள் வீட்டுக்கு வந்து வருஷம் ஒன்றுகூட ஆகவில்லை.

மருமகளுக்குப் பல் செட் செய்கிற லேபில் வேலை. வாரம் முழுக்க ஊரார் பல்லோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் பழைய அனிமே பார்த்தே ஆகவேண்டும். புதுசாக வருவது எதுவும் அவளுக்கு ஆகாது. கையால் வரைந்த காலத்து ஜப்பான் தொடர்கள், சின்ன வயதில் பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தவை, அவைதான் வேண்டும். மகனும் பக்கத்தில் உட்காருவான். தொடக்கப் பாட்டு முடிவதற்குள் அவன் குறட்டை கேட்கும்.

அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம் கூடத்தில் 'காற்றோடி' ஓடிக்கொண்டிருந்தது. உலகமே வெள்ளத்தில் மூழ்கிப்போய், ஜனங்கள் கப்பல் கம்பங்களில் குடித்தனம் நடத்துகிற கதை. பறக்கிற பாய்மரப் படகு ஒன்றை வைத்துக்கொண்டு காற்றோடி என்கிற ஒரு பொடியன் காய்ந்த நிலத்தைத் தேடி அலைகிறான். யாரோ அந்தக் காலத்தில் டிவியிலிருந்து கேசட்டில் பிடித்து வைத்திருந்ததை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். நல்ல கட்டத்தில் சத்தம் அறுந்துவிட்டது. புயல் அடிக்கிறது, பையன் வாய் அசைகிறது, பேச்சைக் காணோம்.

"பாய் கிழிஞ்சா என்ன, காத்து கிழியலையே. ஏறு மேல."

குரல் டிவியிலிருந்து வரவில்லை. சமையலறையிலிருந்து வந்தது. வாயசைப்பு நின்ற இடத்தில் பேச்சும் நின்றது. மகன் விழித்துக்கொண்டு, வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டான். மருமகள் எழுந்து போய்ப் பார்த்தாள். மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பார்வை எட்ட இருந்த டிவித் திரையில் இருந்தது.

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. இருபது வயதில், தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஒரு ஸ்டூடியோவில் குரல் கொடுக்கப் போனாளாம். குரல் பையன் குரல் மாதிரி இருக்கிறதென்று காற்றோடியை அவள் தலையில் கட்டினார்கள். நாலு வருஷம் பேசினாள். ஆனால் ஒரு எபிசோடுகூட முழுசாகப் பார்த்ததில்லை. ஸ்டூடியோவில் அவள் பேசவேண்டிய துண்டுகளை மட்டும் பிஸ்கட் டின் அளவுத் திரையில் ஓட்டிக் காட்டுவார்கள். மற்றவர்கள் வேறு வேளையில் வந்து பேசிவிட்டுப் போவார்கள். வீட்டில் கேபிள் இல்லை. கடைசியில் மூன்றே எபிசோடு பாக்கி இருக்கும்போது சேனல்காரர்கள் தமிழில் பேசவைப்பதை நிறுத்திவிட்டு, பேசிய வரைக்கும் உள்ளதையே வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அப்புறம் கல்யாணம், குழந்தை, எக்ஸ்சேஞ்ச் வேலை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கணவரை விசாரித்தபோது, ரேடியோ மாதிரி ஏதோ செய்துகொண்டிருந்தாள் என்று தெரியும் என்றார்.

மருமகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, கடைசியில அவன் கரையைக் கண்டுபிடிச்சானா?"

"எனக்கும் தெரியாதும்மா. அதுக்குள்ள நிறுத்திட்டாங்க."

மருமகள் நினைத்திருந்தால் ஜப்பானிய மொழியிலேயே முடிவைப் பார்த்திருக்கலாம். பார்க்காமலே வைத்திருந்தாள். அந்தக் குரலில் கேட்காத முடிவு ஒரு முடிவா என்று அவளுக்குப் பிடிவாதம். அவளைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள் என்பது, அத்தையைப் பேசவைத்து அவள் போனில் பிடித்துப் போட்ட அன்றைக்குத் தெரிந்தது. அந்தச் சின்ன வீடியோ தீயாய்ப் பரவியது. பழைய படச்சுருள்களைத் துடைத்துப் புதுசாக்கித் திரும்ப வெளியிடுகிற கம்பெனி ஒன்று, காற்றோடியின் கடைசி மூன்று எபிசோடுகளுக்கும் தமிழ் செய்யத் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் டப்பிங் டைரக்டர் வீடியோவைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி எண்ணுக்கே கூப்பிட்டாள். "லைன்ல இருங்க" என்று வழக்கம்போலச் சொல்லப்போன அக்காவிடம், நீங்கள்தான் வேண்டும் என்றாள்.

முதல் நாள் குரல் சோதனை நிஜமாகவே சோதனையாகப் போயிற்று. அந்தக் காலத்தில் செய்தது போல அக்கா குதிகாலைத் தூக்கி நின்றாள், கன்னத்தை உள்ளே இழுத்தாள், தொண்டையைச் சுருக்கினாள். பேச்சு எப்படியோ ஒப்பேறியது. கத்தவேண்டிய இடத்தில் குரல் பிசிறடித்தது. டைரக்டர் தங்கமானவள், கம்ப்யூட்டரில் குரலை மேலே தூக்கிக்கொள்ளலாம் என்று செய்தும் காட்டினாள். அக்கா கேட்டுவிட்டு, இது காற்றோடி இல்லை, பூனை என்றாள். குரல் கொடுக்க வேறு ஒரு சின்னப் பெண்ணும் இருக்கிறாள், இருந்தாலும் இரண்டு வாரம் பொறுக்கிறேன் என்றாள் டைரக்டர். அக்கா வீட்டுக்கு வந்து வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவர் தானே தேநீர் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதில் சர்க்கரை போட மறந்திருந்தார்.

மறுநாள் முதல் மருமகள் அவளை டிவி முன்னால் உட்காரவைத்தாள். முதல் எபிசோடிலிருந்து, வரிசையாக. தன் துண்டுகளுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதை அக்கா அப்போதுதான் கண்டாள். எதற்காக அழுதோம் என்று தெரியாமல் அன்று அழுத அழுகைக்கெல்லாம் இப்போது காரணம் கிடைத்தது. சிலவற்றுக்கு மறுபடியும் அழுதாள். படகுக்குத் துடுப்பு போடத் தெரியாமல் அவன் வட்டமடித்ததைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். பார்த்துக்கொண்டே போனவள் ஒரு நாள் திடீரென்று நிறுத்தச் சொன்னாள். முதல் எபிசோடைத் திரும்பப் போடு என்றாள். பிறகு, நிறுத்திய எபிசோடைப் போடு என்றாள். இரண்டு மூன்று தரம் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இவன் வளர்ந்துட்டாம்மா. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு பாரு. என் குரலும் அவனோட சேர்ந்து இறங்கியிருக்கு, எனக்கே தெரியல. நான் முதல் நாள் பையனைப் போய்த் தேடிட்டிருக்கேன். கரைக்கு வரப்போறவன் பசியும் புயலும் பார்த்தவன்."

ஒலிப்பதிவு அன்று அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: கடைசிக் காட்சியை முன்கூட்டிக் காட்டக்கூடாது. டைரக்டர் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். அக்கா இரண்டு பாதத்தையும் தரையில் நன்றாக ஊன்றி நின்றாள். தொண்டையைச் சுருக்கவில்லை. திரையில் மூடுபனி விலகியது. படகின் மூக்குக்கு அப்பால் முதலில் ஒரு கோடு, பிறகு பச்சை. பையன் வாயைத் திறந்தான்.

"கரை!"

சற்றே கரகரத்த, களைத்த, பிடிவாதமான குரல். மூச்சு முடிகிற வரைக்கும் போயிற்று, பையன் வாயை மூடிய நொடியில் நின்றது. இன்னொரு தரம் எடுக்கலாமா என்று அக்காவே கேட்டாள். தேவையில்லை என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து தலையை ஆட்டினாள் டைரக்டர்.

தியேட்டரில் அந்த மூன்று எபிசோடுகளையும் சேர்த்து ஒரே படமாகப் போட்டார்கள். அரங்கு நிரம்பி வழிந்தது. மருமகள் வயதுக்காரர்கள், டை கட்டி நேரே ஆபீசிலிருந்து வந்தவர்கள், தலை நரைக்கத் தொடங்கியவர்கள். நடு வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒற்றைச் சொல் வந்தபோது மொத்த அரங்கும் எழுந்து நின்றது. முன்னால் நின்றவர்கள் மறைத்ததால் அவளால் கரையைச் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை. மருமகள் விசும்பிக்கொண்டே கைதட்டினாள். மகன் தூங்கவில்லை. கணவர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். அவருக்கு அது தெரியும் என்று இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாது.

விளக்கு எரிந்ததும் மேடைக்கு அழைத்து மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. அக்கா காத்திருந்தாள், காத்திருப்பது அவள் தொழில்.

"நானும் இப்பத்தான் இதை முழுசாப் பார்த்தேன்," என்றாள். "நல்லாப் பண்ணியிருக்கேன்."

கீழே இறங்கியதும் டைரக்டர் அடுத்த பழைய தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாள். அதிலும் ஒரு பையன் இருக்கிறானாம். பையன் போதும், வில்லன் இருந்தால் கொடுங்கள் என்றாள் அக்கா. டைரக்டர் சிரித்துவிட்டு, கொடுத்தும்விட்டாள். இப்போது காலையில் எக்ஸ்சேஞ்ச், மத்தியானத்துக்கு மேல் ஸ்டூடியோ. போன வாரம் குளியலறையில் அவள் வில்லன் சிரிப்பைப் பழகிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போனார்.