இருபது முகத்தில் ஒரு தாயம்

இந்நிகழ்ச்சியை என் மாமா தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் அது சற்று வளர்ந்துவிடுகிறது. அண்மையில் அதில் ஒரு பாம்பும் சேர்ந்துகொண்டது. ஆகவே அக்காவுக்கும் எனக்கும் ஒருசேர நினைவிலிருப்பவற்றை மட்டுமே இங்கு எழுதுகிறேன். பாம்பு எங்கள் இருவருக்குமே நினைவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. திருப்பதியில் விடுதியில் தங்கிக் கணினி படித்துக்கொண்டிருந்தார். அவருடைய வகுப்பில் பாதிப் பேர் அமெரிக்காவுக்குப் புறப்படும் நாளை எதிர்பார்த்திருந்த காலம் அது. அப்படிப் போய்ச் சேர்ந்த ஒருவர் அனுப்பிய பொருளை அந்தக் கோடை விடுமுறையில், ஆந்திர எல்லையோரம் எங்கள் ஊரான பிச்சாட்டூருக்கு மாமா கொண்டுவந்தார்: நீல நிறத்தில், நெல்லிக்காய் அளவில், இருபது முகம் கொண்ட ஒரு பகடை.

மாமா கதை சொல்வார். அதற்குள் நாங்கள் ஆளுக்கொரு வீரர். கதவை உடைப்பதா, காவலனோடு பேசுவதா என்பதை நாங்கள் முடிவு செய்வோம். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். பெரிய எண் விழுந்தால் நல்லது. ஆளுக்குப் பத்து மல்லாட்டைப் பருப்பு, அதாவது வேர்க்கடலை, உயிர். அடிபட்டால் ஒன்றை மாமாவிடம் கொடுத்துவிட வேண்டும். முதல் நாளே, எந்தப் பகைவனும் எதிர்ப்படுவதற்குள், நான் இறந்துபோனேன்.

"ஏண்டி, உன் உசுர நீயே துன்னுட்டியா?" என்றார் மாமா.

அக்கா அப்படிப்பட்டவள் அல்லள். ஒன்பது பருப்பு மிச்சமிருக்க ஆறு கோட்டைகளைக் கடந்திருந்தாள். பத்தாம் வகுப்பு முடித்தவள். திருப்பதிக்குப் போய் இண்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்புவரை, படிக்க ஆசைப்பட்டாள். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் புதிதாகத் திறந்த துணிக் கம்பெனியோ ஊர்ப்பெண்களை வேனில் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தது. வருகிற திங்கட்கிழமை முதல் அக்காவும் வருவாள் என்று எங்கள் அப்பா, நைனா, வேன்காரரிடம் சொல்லிவிட்டார். அதன்பின் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்கா மட்டும் சோற்றைக் குறைத்துக்கொண்டாள்.

அந்தத் திங்களுக்கு முந்திய ஞாயிறு பிற்பகல் பம்புசெட்டு அறையில் ஏழாம் கோட்டைக்கான ஆட்டம் நடந்தது. கரண்ட் வரும்வரை நைனாவுக்கும் வேலையில்லை; மல்லாட்டை உரித்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். ஊரில் தாயத்தில் அவரை வென்றவர் கிடையாது. "ஒரே கட்டையா? அதுவும் உருண்டையா?" என்று முதலில் இளக்காரம் செய்தவர், கடைசிக் கதவு வந்ததும் உரிப்பதை நிறுத்திவிட்டார்.

கதவைக் காத்தது ஒரு பூதம். மாமாவின் பூதங்கள் எல்லாம் அதிகாரிகளைப் போலத் தெலுங்கு கலந்தே பேசும். அக்கா அதனோடு சண்டையிட மறுத்தாள்.

"உள்ள போவணும், வழி வுடுன்னு கேக்கறேன்."

"எந்துக்கு? நான் எந்துக்கு வுடணும்?" என்றது பூதம்.

"இவ்ளோ தூரம் நடந்துக்கினு வந்தேனே, அதுக்கு."

நைனா சிரித்தார். "நல்லா கேக்கறா. டேய் மச்சான், கதவு தொறந்தா இவள திருப்பதிக்கு இட்டுக்கினு போ. தொறக்கலன்னா நாளைக்கு வேன்ல ஏறட்டும்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். "நெஜமாவா, நைனா?"

"போடும்மா, பாக்கலாம்."

பகடை உருண்டு, மோட்டாரின் அடிக்கல்லில் மோதி நின்றது. ஒன்று.

"தாயம்!" என்று கத்தினேன். தாயக்கட்டையோடு வளர்ந்த எங்களுக்கு ஒன்றுக்கு மேல் ஓர் எண் இல்லை. அது விழாமல் காய் கட்டத்துக்குள் நுழையவே முடியாது. நைனாவும் தொடையைத் தட்டினார்: "தாயம் வுழுந்துச்சிடா!"

மாமா மட்டும் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை எங்களில் யாருக்கும் ஒன்று விழுந்ததில்லை. பிறகு அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஆமா, தாயம்தான். பூதம் வழி வுட்டுடுச்சி" என்று இரண்டே வாக்கியத்தில் கதையை முடித்தார். ஒரு வாரம் நடந்த கதையை இப்படியா முடிப்பது என்று எனக்குக் கோபம் வந்தது. அக்கா அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். அந்நேரம் கரண்ட் வரவே, நைனா மடை திருப்பப் போய்விட்டார். இருட்டும்வரை கழனியைவிட்டு நகரவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் பெங்களூரில், உடன் வேலை செய்பவர்கள் அதே ஆட்டத்தை ஆடக் கண்டேன். ஒருத்திக்கு ஒன்று விழுந்தது. சுற்றியிருந்தோர் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தில் அதைவிடக் கேடான எண் இல்லையாம். அன்றே மாமாவை அழைத்துக் கேட்டேன்.

"நம்ம ஊரு பூதம்மா அது. அதுக்குத் தாயந்தான் தெரியும்" என்றார்.

ஆக, மாமா செய்தது விளங்கிவிட்டது. விளங்காதது நைனா செய்தது. மறுநாள் காலை வேன் எங்கள் தெருமுனையில் நிற்காமலே போயிற்று. ஓட்டுநர் மறந்துவிட்டார் என்றே அன்று நினைத்தேன். அக்கா வரமாட்டாள் என்று அவரிடம் நைனாவே சொல்லியிருந்தார் என்பதை அம்மா பின்னாளில் உறுதிப்படுத்தினாள். வேன்காரர் தொலைவில் வரதய்யபாளையத்தில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ப்பக்கம் வருவதில்லை. எங்கள் தெருவில் அப்போது தொலைபேசியும் கிடையாது.

நைனாவைக் கேட்டால், "எனக்கு ஞாபகமில்லம்மா" என்கிறார். ஆட்டத்துக்கு முன் என்பதைத் தவிர, வேன்காரரிடம் அவர் எப்போது சொன்னார் என்பது எனக்குத் தெரியாது.