யூரியா போடாத பத்து குழி

இரண்டு மாதமாக யார் கண்ணில் படாமல் ஒளிந்தேனோ, அவரே இன்று திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

எங்கள் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக, தன் குத்தகை வயலில் பத்து குழி நிலத்தை மட்டும் யூரியா போடாமல் விட்டுவைத்த விவசாயி.

"பயிரு நிக்கும்போதே மண்ணு எடுக்கணும்னீங்க மேடம். அறுப்பே முடிஞ்சிருச்சு."

"ஆராய்ச்சிப் பணம் போன வாரம்தாங்க வந்துச்சு."

"வந்துருச்சா!" முகம் மலர்ந்தது. "அந்தப் பத்து குழி மட்டும் மஞ்சளா நின்னுச்சுங்க. நிலத்துக்காரர் பாத்துட்டு, உனக்கு வெள்ளாமையே தெரியல, அடுத்த வருசம் வேற ஆளுன்னுட்டாரு. கொறஞ்ச நெல்லுக்கு ஏதாச்சும் பாத்துக் குடுங்க."

அந்தப் பணத்தில் மெஷின் வாங்கலாம், செமினார் நடத்தலாம். மார்ச்சுக்குள் முழுவதையும் செலவழித்தே ஆக வேண்டும். விவசாயிக்குக் கொடுக்க மட்டும் விதியில் இடமில்லை.

குத்தகையையாவது காப்பாற்றலாமென்று, அவரிடமே நம்பர் வாங்கி, பஸ்ஸிலிருந்தே நிலத்துக்காரருக்கு போன் போட்டேன்.

"ஆராய்ச்சிக்குத்தான் விட்டாரா? சரிங்க, ரிசல்ட்ட காட்டுங்க, பாப்போம்."

மண்ணே எடுக்காத ஆராய்ச்சிக்கு ரிசல்ட் ஏது? பக்கத்தில் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மண் பரிசோதிக்கும் மெஷின் வருகிறது. போன சம்பா மண் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.