மிரான் அக்காவின் சிப்பிப் படங்கள்

தென் கொரியாவின் தொங்யோங் துறைமுகத்துக்கு எதிரே உள்ள பல் மருத்துவமனையில் ஓக் மிரான் அக்காவுக்கு வரவேற்பு மேசை வேலை. நான் உள்ளே மருத்துவருக்கு உதவியாள். நோயாளியின் பெயரைக் கூப்பிட்ட மறுநொடியே அக்காவின் கண் மேசைக்கடியில் இருக்கும் கைபேசிக்குப் போய்விடும். இணையத்தில் படம் விற்றுத்தரும் ஒரு நிறுவனத்துக்குத் தான் எடுத்த படங்களை அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் சிப்பி உடைக்கும் கொட்டகையில் எடுத்த படங்கள் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன. காரணம் ஒரே வரி: ‘தரம் போதவில்லை.’

“என்ன தரம்? எதுல தரம்? பல்லு வலிக்குதுன்னு வர்றவங்ககிட்ட, வாய் சரியில்லைன்னு சொல்லி அனுப்புற மாதிரில்ல இருக்கு!”

“தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது காட்டுங்களேன் அக்கா.”

“காட்டித்தானே பட்டேன்?”

முந்தின வருஷம் புகைப்படக்காரர்களின் இணையக் குழுவில் ஒரு படத்தை அப்படியே முழுசாகப் போட்டு, குறை சொல்லச் சொல்லியிருந்தாள். கொஞ்ச நாளில் அது பக்கத்து ஊர் மீன் சாப்பாட்டுக் கடையின் பெயர்ப்பலகையில் தொங்கியது. கேட்டதற்கு, “நெட்ல கெடந்துச்சு, எடுத்துக்கிட்டேன்” என்றாராம் கடைக்காரர்.

அதனால் இந்த முறை படத்தின் குறுக்கே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு ஏற்றினாள். “பேரு நல்லாருக்கு, படம் எங்கே?” என்று கிண்டல்தான் வந்தது. பியோ கிஹ்யோன் என்பவர் மட்டும், ‘நானும் இந்த ஊர்தான், நேரில் கொண்டுவாங்க, பார்க்கிறேன்’ என்று எழுதியிருந்தார். படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். அவரும் துறைமுகப் படங்களை விற்கிறவர் என்று தெரிந்ததும் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“வேவு பார்க்கத்தான் கூப்பிடுறான்” என்பாள் காலையில். “வேற யாரு இருக்கா எனக்குச் சொல்ல?” என்பாள் மதியம். கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு காப்பிக் கடைக்குக் கிளம்பினாள்.

“படத்தைச் சுட அவர் போனைத் தூக்கினா என் காலை மிதி.”

அவள் மடிக்கணினியில் கொண்டுபோனது தபால்தலை அளவில் முழுப் படம் ஒன்று, அதோடு நிஜ அளவில் வெட்டிய ஒரு சின்னத் துண்டு. அவ்வளவுதான்.

பியோ பார்த்துவிட்டுச் சிரித்தார். “விவரமானவங்கதான் மேடம். இதை யாரும் பலகையில ஒட்ட முடியாது. ஆனா குறையைப் பார்க்க இந்தத் துண்டு போதும். சிப்பி ஓரமா ஒரு வெள்ளைக் கோடு ஓடுது பாருங்க. கம்ப்யூட்டர்ல ரொம்பக் கூர்மையாக்கிட்டீங்க.”

“அது ஆவிங்க. குளிர்ல வர்றது.”

“கத்தியைச் சுத்தியுமா ஆவி வரும்?”

கத்தி ஓரத்திலும் அதே கோடு இருந்தது. அக்கா மேசைக்கடியில் என் காலை நறுக்கென்று மிதித்தாள்.

மூலப் படங்களை எடுத்து மறுபடியும் வேலை செய்து அனுப்பினாள். ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகாவது நிம்மதி வந்ததா? மதியச் சாப்பாட்டில் ஒரு கையில் கரண்டி, மறுகையில் கைபேசி, அதில் பியோ படம் விற்கும் இணையப் பக்கம்.

“என் கொட்டகைக்குப் போய் அதே மாதிரி எடுத்துப் போட்டுடுவான் பாரு.”

“இதுவரைக்கும் போடலையே அக்கா.”

“அதான் பயமாயிருக்கு.”

ஒருநாள் பியோவிடமிருந்தே மின்னஞ்சல் வந்தது. நிராகரிக்கப்பட்ட தன் படகுப் படத்தை அனுப்பி, என்ன குறை என்று கேட்டிருந்தார். முழுப் படம். குறுக்கே பெயர்கூட இல்லை.

“இந்த ஆளுக்குப் பைத்தியமா? ஒரே ஒரு தடவை பார்த்த என்னை நம்பி...” அக்காவின் குரல் இறங்கிவிட்டது. வாயில் பஞ்சோடு ஒருவர் காத்திருக்க, அவள் படத்தைப் பெரிதாக்கி அங்குலம் அங்குலமாகத் தேடினாள். வானத்தில் மங்கலாக ஒரு பொட்டு இருந்தது. கேமராவுக்குள் புகுந்த தூசி. அதை எழுதி அனுப்பியதும், என்னைக் கூப்பிட்டு என் கண் முன்னாலேயே படத்தை அழித்தாள்.

“நீதான் சாட்சி.”

இப்போது இருவரும் மாற்றி மாற்றிக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். அவர் முழுசாக அனுப்புகிறார், இவள் துண்டாக அனுப்புகிறாள். போன வாரம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு பாதிப் படம் அனுப்பினாளாம். அனுப்பியதிலிருந்து கைபேசியைக் கீழே வைக்கவே இல்லை.